பந்தலுக்கு மேலே

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் காலை விமானத்தில் பயணிகளுக்குச் சன்னல் கிடையாது. அப்போதெல்லாம் எந்த விமானத்திலும் கிடையாது. சன்னல் வைத்தால் கனம் கூடும், கனம் கூடினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் டிக்கெட் விலை ஏறும். "வெளியே பார்க்க என்ன இருக்கிறது, வெள்ளைதானே?" என்று கம்பெனிகள் கேட்டபோது யாரும் சண்டைக்குப் போகவில்லை.

ஆனாலும் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் வாரக்கணக்கில் முன்னாலேயே இடம் தீர்ந்துவிடும். காரணம், அதை ஓட்டிய கேப்டன் பொற்கொடி.

விமானம் கரையைத் தாண்டி, முப்பத்தாறாயிரம் அடிக்கு ஏறி நிதானப்பட்டதும் ஒலிபெருக்கியில் அவள் குரல் வரும். மற்ற விமானிகள் வெப்பநிலை, காற்று, இறங்கும் நேரம் என்று மூன்று வரியில் முடித்துக்கொள்வார்கள். பொற்கொடி தான் பார்ப்பதைச் சொல்வாள்.

"வணக்கம். இப்ப நாம பந்தலுக்கு மேல வந்துட்டோம். கீழே பாலாடை மாதிரி பந்தல் விரிஞ்சு கிடக்கு. நம்ம விமானத்தோட நிழல் அது மேல ஓடி வருது, ஒரு குருவி அளவுக்கு. மேலே நீலம். முன்னாடி வெளிர் நீலம், நிமிர்ந்து தலைக்கு மேல பார்த்தா அடர் நீலம், கிட்டத்தட்ட கறுப்பு. வலது பக்கம் தூரத்துல ஒரு இடிமேகம் பந்தலைக் கிழிச்சுக்கிட்டு நிக்குது. உச்சி தட்டையா, கொல்லனோட பட்டடைக்கல் மாதிரி. வெயில் பட்ட பக்கம் மஞ்சள், மறுபக்கம் ஊதா."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு முறை ஓடுபாதையில் இரண்டு மணி நேரம் விமானம் நின்றுபோய், கடுப்பில் இருந்த பயணிகளைச் சமாதானப்படுத்த அவள் ஆரம்பித்தது. அப்படியே வழக்கமாகிவிட்டது. அவள் குரல் வந்ததும் கேபினில் பேச்சு நிற்கும். கட்டட வேலைக்குப் போகிறவர்களும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றுவார்கள். நடுவயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் கண்ணைத் திறந்தபடி முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கண்ணை மூடிப் பார்க்க எதுவும் இல்லை.

பந்தல் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கங்கள் சேர்ந்து வைத்த பெயர் நீளமானது, வாயில் நுழையாது. வெயிலுக்கு மறைப்பாகப் போட்டது என்பதால் ஜனங்கள் பந்தல் என்றார்கள், அதுவே நிலைத்தது. மாவைவிட நுண்ணிய சுண்ணாம்புத் தூளை ஆளில்லாத விமானங்கள் இருபத்தையாயிரம் அடிக்கு மேல் தூவிக்கொண்டே இருந்தன. சூரியனுக்கு விளிம்பு போய், அது ஒரு வெளிச்சக் கறையாக ஆனது. நிழல் சரியாக விழவில்லை. நட்சத்திரம் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படம் வரைந்தால் வானத்துக்கு வண்ணம் தீட்டுவதில்லை. தாளை அப்படியே விட்டுவிடுவார்கள்.

பந்தலைத் திட்டப் பொற்கொடிக்கு வாய் வராது. பந்தலுக்கு முந்தின வருஷம், சித்திரை மாதம், அவளுடைய தம்பி கதிரேசன் அரியலூர்ப் பக்கம் ஒரு பாலம் கட்டும் இடத்தில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் தண்ணீர் குடிக்கக் குழாயைப் பார்த்து நடந்தவன் குழாய் வரைக்கும் போகவில்லை. அந்தக் கோடையில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ஐஸ் கட்டிக்கு அடிதடி நடந்தது. பந்தல் வந்த பிறகு அப்படி ஒரு சாவு இல்லை. தம்பியைக் கொன்றது அந்த நீல வானம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், வெள்ளைக்குள் முட்டி முட்டி ஏறும் விமானம் சட்டென்று மேலே வெளிப்படும்போது, கண்ணாடி முழுக்க அந்த நிறம் வந்து நிற்கும்போது, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு லேசாகிவிடும். அதற்காகத் தம்பியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

பிறகு பந்தலை உயர்த்தினார்கள்.

செய்திகளில் அது ஓரமாக வந்தது. விமானிகளுக்குக் காலையில் தரும் குறிப்பில் ஒரே வரி: படலத்தின் கீழ்மட்டம் இனி ஐம்பதாயிரம் அடி. எந்தப் பயணிகள் விமானமும் எட்டாத உயரம். பொற்கொடி அப்போது இரண்டு வாரம் லீவில் இருந்தாள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

அன்றைக்கு அவளுக்கு வலது சீட்டில் புதுத் துணை விமானி. இம்தியாஸ், மேலப்பாளையத்துக்காரன், இருபத்தைந்து வயது. பயிற்சி முடித்து, பயணிகளோடு பறக்கும் முதல் நாள். சட்டையின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது, "ஏன் இந்த வேலைக்கு வந்தே?" என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"வாப்பாவும் இதையேதான் கேட்டாங்க மேடம். வானத்தைப் பாக்கணும்னு சொன்னா சிரிப்பாங்கன்னு சம்பளத்தைச் சொன்னேன்."

"பயிற்சியில பார்த்திருப்பியே?"

"அது சின்ன விமானம் மேடம், பத்தாயிரம் அடிக்கு மேல போகாது. மிச்சமெல்லாம் சிமுலேட்டர். அதுல நீலம் இருக்கும். ஆனா சுவத்துக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும்."

"காலைக் குறிப்பைப் படிச்சியா?"

"படிச்சேன் மேடம்." கொஞ்சம் தயங்கினான். "ஓரத்துல எங்கயாவது தெரியுமோன்னு ஒரு நினைப்பு."

பொற்கொடியும் அதே நினைப்பில்தான் இருந்தாள். இருபத்தையாயிரம் அடியைத் தாண்டினார்கள். வழக்கமாக அங்கே விமானம் வெள்ளைக்குள் நுழையும். இப்போது எதற்குள்ளும் நுழையவில்லை. முப்பத்தாறாயிரத்தில் விமானம் நேரானது. தலைக்கு மேல் அதே வெள்ளை, டியூப்லைட் வெளிச்சம் மாதிரி எந்தப் பக்கமும் நிழல் இல்லாமல். இம்தியாஸ் பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, கண்ணாடியின் மேல் மூலை வழியாகக் கழுத்தைத் திருப்பி நிமிர்ந்து பார்த்தான். வெகு நேரம் அப்படியே பார்த்தான்.

கேபினிலிருந்து ஜாஸ்மின் கூப்பிட்டாள். பணிப்பெண்களில் மூத்தவள், பொற்கொடியோடு பல வருஷமாகப் பறப்பவள்.

"மேடம், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு கல்யாணக் கூட்டம் வந்திருக்கு. உங்க பேச்சைக் கேக்கணும்னே இந்த விமானத்தைப் பிடிச்சாங்களாம். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் பந்தல் போட்டப்புறம் பொறந்தவங்க."

பொற்கொடி மைக்கை எடுத்தாள். இன்றைக்கு வெள்ளைதான், பந்தலை உயர்த்திவிட்டார்கள் என்று சொல்லத்தான் எடுத்தாள்.

"வணக்கம்," என்றாள். "இப்ப நாம பந்தலுக்கு மேல வந்துட்டோம். மேலே நீலம்."

இம்தியாஸ் சட்டென்று மறுபடி நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள். கதவுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இம்தியாஸ் எரிபொருள் அளவை வாசித்தான். குரல் சாதாரணமாக இருந்தது.

ஒரு நாளோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் வந்தவர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மறுநாள் வந்தவர்களும். பார்த்ததைச் சொன்ன காலத்தில் சில நாள் சொல்ல ஒன்றும் இருக்காது, மேகம்கூட இருக்காது. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் எந்த நாளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பகல் நிலாவைச் சொன்னாள். எதிரே வந்த விமானம் விட்டுப்போன வெண்கோடு காற்றில் கலைந்து நெளிவதைச் சொன்னாள். மழைக்காலத்து மேகங்களின் நடுவே தெரு மாதிரி நீண்டு போகும் இடைவெளியைச் சொன்னாள். அவள் பேச்சு முன்னைவிட அழகாகிவிட்டது என்று பயணிகள் பேசிக்கொண்டார்கள். பதிவு செய்து ஊருக்கு அனுப்பினார்கள். முன்பு ஓட்டும்போது ஆசையாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது வீட்டில் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் பழைய வானங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். சில நிறங்கள் கைக்குச் சிக்கவில்லை. சில நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின.

ஒரு நாள் திரும்பி வரும்போது இம்தியாஸ் கேட்டான்.

"மேடம், நேத்து நிலா பகல்லயே தெரியுதுன்னு சொன்னீங்க. நிசமாவே தெரியுமா?"

"தெரியும். தண்ணில போட்ட மாத்திரை பாதி கரைஞ்ச மாதிரி இருக்கும். அதுக்குள்ள பின்னாடி இருக்கிற நீலம் தெரியும்."

அவன் அதை யோசித்துக்கொண்டிருந்தான். "நீங்க சொல்றப்ப நான் எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரியல மேடம். அதான் கருவிகளையே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நிறுத்திடட்டுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே," என்றான்.

இப்படிப் பல மாதம் போயிற்று. ஒரு சாயங்காலம் திருச்சியில் இறங்கிய பிறகு ஜாஸ்மின் வந்து, "அடிக்கடி நம்ம விமானத்துல வர்ற ஒரு சார் உங்ககூடத் தனியாப் பேசணும்கிறார். ரசிகர் மாதிரி தெரியல மேடம், ஏதோ ஆபீசர் மாதிரி இருக்கார்," என்றாள்.

விமான நிலையத்து மாடி கேன்டீனில் அவர் காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தார்.

"என் பேர் பூவராகன். பந்தல் ஆபீஸ்ல இருக்கேன். மேலே தூள் எவ்வளவு அடர்த்தியா நிக்குதுன்னு அளக்குறது என் பிரிவோட வேலை."

பொற்கொடி டீயைத் தொடவில்லை.

"எதுக்குப் பந்தலை உயர்த்துனீங்க சார்?" என்று கேட்டாள். அவர் கேட்கப் போவதைத் தள்ளிப்போடத்தான் கேட்டாள்.

"கீழே இருந்தா மழை கழுவிட்டுப் போயிடுது மேடம். தூவிக்கிட்டே இருக்கணும். மழை மேகத்துக்கு மேல கொண்டுபோயிட்டா வருஷக்கணக்கா அப்படியே நிக்கும். கூட்டத்துல எல்லாக் கோணத்துலயும் பேசினோம், பயிர், மீன், பறவை எல்லாம். விமானிங்க தினமும் நீலத்தைப் பாக்குறாங்களேன்னு மட்டும் யாருக்கும் தோணல." அவர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "ஆனா நீங்க இன்னும் தெரியுதுங்கிறீங்க. நானே வந்து கேட்டேன். பயணிங்க பதிவு பண்ணினதையும் கேட்டேன். கரை தாண்டினதுக்கு அப்புறம், நிக்கோபாருக்கு ரொம்ப முன்னாடியே. எப்பவும் அதே இடம்."

அதே இடம்தான். அங்கேதான் விமானம் நேராகும், அவளுக்குக் கை ஒழியும்.

"மத்த விமானிங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டோம். வெள்ளைன்னாங்க. ஆனா 'நாங்க எங்க சார் வெளியே பாக்குறோம், பாக்குற ஒரே ஆள் அந்தம்மாதான்'னும் சொன்னாங்க. செயற்கைக்கோள் படத்துல அந்த இடத்துல மெலிசா ஒரு நிழல் தெரியுது. கருவிக் கோளாறா இருக்கலாம், பந்தல்ல ஓட்டையா இருக்கலாம். உங்க பேச்சு இல்லேன்னா கோளாறுன்னுதான் விட்டிருப்போம்."

"ஓட்டைன்னா?"

"அடைக்கணும். அடுத்த வாரம் கூட்டம். கடல் மேல இன்னொரு அடுக்கு தூவுறதுக்கு விமானங்களைத் தயார் பண்ணிட்டாங்க."

"ஓட்டை இல்லாம தூவினா?"

"கடல் தேவைக்கு மேல குளிரும். கடல் குளிர்ந்தா ஐப்பசி மழை குறையும். எவ்வளவு குறையும்னு என்னால சொல்ல முடியாது. எனக்கு ஸ்ரீமுஷ்ணம் மேடம். வீராணம் ஏரி நிறையாத வருஷத்தைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். அதான் நேர்ல கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எவ்வளவு நேரம் தெரியுது? ஓரம் கூர்மையா இருக்கா, மங்கலா இருக்கா?"

கீழே ஓடுபாதையில் ஒரு விமானத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஓட்டை இல்ல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் எதையும் பார்க்கல. பந்தலை உயர்த்தினதுக்கு அப்புறம் வெள்ளைதான். நான் சொன்னதெல்லாம் பழசு. ஞாபகத்துல இருந்ததைச் சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபத்துக்குத் தயாராகவும் இருந்தாள். அவர் மேசை மேல் முன்னால் சாய்ந்தார்.

"ஒரு நாள்கூடத் தெரியலையா?"

"இல்ல சார்."

"கொஞ்சமா? ஏதாவது ஒரு மூலையில?"

"இல்ல."

"உங்களுக்குச் சரியா ஞாபகம் இருக்கா? ஒரு நிமிஷம் போலத் தெரிஞ்சு மறைஞ்சிருக்கலாம். நீங்க அதைக் கவனிச்சிருக்க மாட்டீங்க."

மூன்றாவது தடவை அவர் கேட்டபோதுதான், இது ஆபீஸ் கேள்வி இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்கு நல்ல சேதிதானே சார்? உங்க வேலை ஒழுங்கா நடந்திருக்கு."

"ஆமாம்," என்றார் பூவராகன். "ரொம்ப ஒழுங்கா நடந்திருக்கு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என் பொண்ணு பந்தல் போட்ட வருஷம் பொறந்தா. அவ பொறந்ததுலேர்ந்து ஓட்டை விழாமப் பார்த்துக்கிட்டிருக்கேன். உங்க பேச்சை முதல் தடவை கேட்டப்ப ஓட்டை எங்கன்னு கணக்குப் போட ஆரம்பிச்சேன். ரெண்டாவது தடவை கேட்டப்ப... நாகப்பட்டினத்துல ஒரு படகுக்காரர்கிட்டப் பேசி வச்சிருக்கேன் மேடம். அடைக்கிறதுக்கு முன்னாடி அவளை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு. ரெண்டு நாள் ஆகும்னார். அவளுக்குக் கடல் ஒத்துக்காது. மாத்திரைகூட வாங்கிட்டேன்."

"என்னை மன்னிச்சிடுங்க," என்றாள்.

"நீங்க கடைசியா நிசமாப் பார்த்தது எப்ப? அதையாவது சொல்லுங்க. யாருக்காகவும் இல்ல, எனக்கு."

அவள் யோசித்தாள். லீவுக்கு முந்தின நாள். அந்த நாளை இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவள் மைக்கில் சொன்னதில்லை. ஏன் என்பது இப்போதுதான் புரிந்தது.

"அன்னிக்குக் கேப்டன் ஒருத்தர்கூட டூட்டி மாத்துறதைப் பத்திச் சண்டை சார். வழி முழுக்க அதையே பேசிக்கிட்டு வந்தோம். உப்புமா கொடுத்தாங்க, ஆறிப் போயிருந்துச்சு. வெயில் நேரா மூஞ்சியில அடிச்சுது. எரிச்சலா இருந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "கண்ணாடிக்கு ஒரு மறைப்பு இருக்கும். இழுத்து விட்டுட்டேன். இறங்குற வரைக்கும் திறக்கவே இல்ல."

பூவராகன் தலையை ஆட்டினார். ஆறிப்போன டீயை இருவரும் குடித்தார்கள்.

ஓட்டை இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். கடலுக்கு மேல் கூடுதல் தூள் தூவப்படவில்லை. எப்படித் தெரியும் என்று மேலதிகாரிகள் கேட்டார்கள், அவர் மறைக்கவில்லை. கம்பெனி பொற்கொடியைக் கூப்பிட்டு விசாரித்தது. தவறான வானிலைத் தகவல் தந்தாள் என்று உரிமத்தை முடக்குவதா என்று ஒரு மாதம் யோசித்தார்கள். அந்த ஒரு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். மாடிக்குப் போய் நிமிர்ந்து பார்ப்பாள், இறங்கி வந்துவிடுவாள். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். இனிமேல் வெப்பநிலை, காற்று, இறங்கும் நேரம். வேறு ஒரு வார்த்தை கூடாது. நடந்ததைப் பயணிகளிடம் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்ப வேலைக்கு வந்த காலையில் இம்தியாஸ்தான் வலது சீட்டில் இருந்தான்.

"என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க மேடம். பக்கத்துலயே இருந்தியே, ஏன் சொல்லலன்னு."

"என்ன சொன்னே?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்னு சொன்னேன்."

விமானம் கரையைத் தாண்டி நேரானது. பொற்கொடி மைக்கை எடுத்தாள்.

"வணக்கம். பொற்கொடி பேசுறேன். வெளியே வெள்ளைதான். பல மாசமா வெள்ளைதான். பந்தலை நமக்கு மேல தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் சொன்ன எதையும் பார்த்துச் சொல்லல. எப்பவோ பார்த்ததை இன்னிக்குப் பாக்குற மாதிரி சொன்னேன். இதுக்காகவே இந்த விமானத்துல வந்தவங்க என்னை மன்னிக்கணும். சிங்கப்பூர்ல லேசா மழை பெய்யுது. நேரத்துக்கு இறங்கிடுவோம். வணக்கம்."

மைக்கை வைத்தாள். கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. எஞ்சின் ஓசை மட்டும் இருந்தது. இம்தியாஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

கேபினிலிருந்து ஜாஸ்மின் கூப்பிட்டாள். "யாரும் ஒண்ணும் பேசல மேடம். ஒரு ஆள் மட்டும் கோவமா ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கார். இங்க ஒரு அம்மா எழுந்து வந்து நிக்கிறாங்க. உங்ககிட்டப் பேசாம சீட்டுக்குப் போக மாட்டேங்கிறாங்க. இன்டர்காம் போனைக் கொடுக்கட்டுமா?"

"கொடு," என்றாள் பொற்கொடி. திட்டு வாங்கத் தயாரானாள்.

தொலைதூர அழைப்பில் பேசுவதுபோல ஒரு குரல் உரக்க வந்தது. இம்தியாஸின் காதிலும் கேட்டது.

"அம்மா, நான் பஞ்சவர்ணம் பேசுறேன். வேதாரண்யம் பக்கம். சிங்கப்பூர்ல வீட்டு வேலை பாக்குறேன். முன்னாடி உப்பளத்துல உப்பு வாருனவ. பந்தல் வந்து வெயில் போச்சு, வெயில் போனதும் உப்பு விளையல. அதான் இம்புட்டு தூரம் வந்தேன்."

"சொல்லுங்கம்மா."

"நீங்க இல்லாததைச் சொன்னதுக்கு நான் சண்டைக்கு வரல. அது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு வேற ஒண்ணு கேக்கணும். அப்பல்லாம் உப்பளத்துல குனிஞ்சு வாரிக்கிட்டிருப்போம், காலையில ஒரு விமானம் போவும். ஒசரத்துல, வெள்ளைக் கோடு இழுத்துக்கிட்டு. அதைப் பார்த்துட்டுத்தான் வரப்புல ஏறிக் கஞ்சி குடிப்போம். பந்தல் போட்டதும் சத்தம் மட்டுந்தான் வந்துச்சு. அப்புறம் சத்தம் கேட்டாலும் யாரும் நிமிர்றதில்ல. என்ன இருக்கு பாக்க?"

"ஆமாம்மா."

"இந்தத் தடவை லீவுல ஊருக்குப் போயிருந்தேன். வாசல்ல பாத்திரம் விளக்கிக்கிட்டிருக்கேன், சத்தம் கேட்டுச்சு, என்னமோ நிமிந்தேன். விமானம் தெரியுதும்மா! வெள்ளையில எள்ளு மாதிரி கறுப்பா ஒண்ணு நவுந்து போவுது. நான் கத்துன கத்துல தெருவே வெளிய வந்துருச்சு. அன்னியிலேர்ந்து தினம் இதே வேலைதான். புள்ளைங்கல்லாம் கடற்கரை வரைக்கும் அது பின்னாடியே ஓடுதுங்க, கையாட்டுதுங்க. மேல ஆளு இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க."

பொற்கொடி தலையைக் குனிந்தாள். பந்தல் மேலே போனது என்றால், விமானம் பந்தலுக்குக் கீழே வந்துவிட்டது. இத்தனை மாதமாக அவள் இல்லாத நீலத்தையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருப்பவர்கள் கண்ணுக்குத் தான் மறுபடி தெரிய ஆரம்பித்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. முன்பும்கூட, இருபத்தைந்து வருஷத்தில், கீழேயிருந்து யாராவது பார்ப்பார்கள் என்று அவள் நினைத்ததில்லை.

"பள்ளிக்கூட மணி அடிச்சுக் கொஞ்ச நேரத்துல போவுது. கடல் பக்கமா, சிங்கப்பூர் தெசையில," என்றது குரல். "இன்னிக்கு ஏறி உக்காந்ததுலேர்ந்து மணிக்கணக்குப் போட்டுப் பாக்குறேன். அதான் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். அது நீங்கதானா?"

பொற்கொடி பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரல் அப்படியே இருந்தது.

இம்தியாஸ் ஒரு கணம் பார்த்தான். பிறகு தன் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டான்.

"ஆமாம்மா," என்றான். "அது நாங்கதான்."